மாமா தந்த டொலர் காசு

கேள்வி: கனடாவில இருந்து வந்த மாமா 1921 எண்டு போட்ட பெரிய அமெரிக்க வெள்ளி டொலர் ஒண்டு தந்தாரு, கறுத்துப்போய் இரிக்கு. புளி போட்டு மினுக்கி நகைக்கடையில குடுக்கவா, இல்ல இன்னும் வாங்கிச் சேர்க்கவா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, அந்தப் புளிய குசினியிலயே வையுங்க! தேய்ச்ச காசெண்டா சேகரிக்கிற ஆக்கள் விலைய குறைச்சித்தான் கேப்பாங்க, கறுப்பு அவங்களுக்குப் பிரச்சினையே இல்ல.

1921ல ரெண்டு டிசைன் அடிச்சாங்க, பின்பக்கம் கழுகு செட்டைய விரிச்சிட்டு நிண்டா அது மோர்கன், அந்த வருச மோர்கன் கோடிக்கணக்கில இரிக்கு, செட்டைய மடக்கிக் கல்லுல இருந்தா பீஸ் டொலர், அது பத்து லட்சம் சொச்சம் தான் அடிச்சது, அதால விலை கூட. ரெண்டுமே 26.73 கிராம், 90 வீதம் வெள்ளி, சுத்த வெள்ளி 24 கிராம் வரும். நிறை நல்லா குறைஞ்சாலோ காந்தத்தில ஒட்டினாலோ போலி. நகைக்கடைக்காரர் வெள்ளி நிறைக்குத்தான் காசு தருவாரு, 1921 எண்டத அவர் பாக்கவே மாட்டாரு, அதால பீஸ் எண்டா அங்க குடுக்காதீங்க.

முதலீட்டுக்கெண்டு வாங்கிறதெண்டா பழசு வேணாம், 1986ல இருந்து வாற சில்வர் ஈகிள் எண்ட அமெரிக்க வெள்ளிக் காசப் பாருங்க, 31.1 கிராம், 99.9 வீதம் வெள்ளி. ஆனா வாங்கக்குள்ள வெள்ளி விலைக்கு மேல குடுக்கணும், நம்மட ஊர்ல விக்கக்குள்ள அந்த மேல்காசு திரும்பி வராது. எனக்கெண்டா ஆசைக்கு ஒண்டு ரெண்டு போதும்.