யமாட்டோவும் மிச்சிகன் ஏரியும்

அன்புள்ள ஐயா,

ஒசூரில் டூல் ரூம் (கருவிப் பட்டறை) ஒன்றில் வேலை பார்க்கிறேன். உங்கள் கடற்போர்க் கட்டுரையைப் படித்தபின், இரண்டாம் உலகப் போரின் ஜப்பானியப் போர்க்கப்பலான யமாட்டோ பற்றித் தேடிப் படித்தேன். பேர்ல் ஹார்பரில் விமானங்களை வைத்தே எதிரியின் போர்க்கப்பல்களை முடித்த ஜப்பானியர்கள், தாங்களே உலகின் மிகப் பெரிய போர்க்கப்பலைக் கட்டியது முட்டாள்தனம் இல்லையா? ஏறக்குறைய நூற்றைம்பது விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இருந்தும் பத்து விமானங்களைத்தானே வீழ்த்த முடிந்தது? இந்த டிரோன் காலத்தில் விமானந்தாங்கிக் கப்பலுக்கும் இதே கதிதானா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நானும் சில நாட்களாக யமாட்டோ நினைப்பிலேயே இருக்கிறேன். அதனால்தான் உடனே பதில். ஆனால் முதலில் கொஞ்சம் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டைப் பார்க்காமல் யாரையும் முட்டாள் என்று சொல்லாதீர்கள். யமாட்டோவைக் கட்டத் தொடங்கியது 1937இல். பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7. டிசம்பர் 10 அன்று மலாயாக் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் ஜப்பானிய விமானங்களால் மூழ்கின. அதற்கு ஆறாம் நாள் யமாட்டோ கடற்படையில் சேர்ந்தது. முடிந்த கப்பலை உடைத்தா போடுவார்கள்? அதே வகையில் மூன்றாவதாகக் கட்டிக்கொண்டிருந்த ஷினானோவை, 1942 மிட்வே கடற்போரின் தோல்விக்குப் பிறகு விமானந்தாங்கியாக மாற்றினார்கள். புரியாதவர்கள் செய்கிற காரியமா அது? செத்துப்போன தளபதிகளுக்கு உட்கார்ந்த இடத்தில் மார்க் போடுவது நம்மிடம் ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

துப்பாக்கிகள் விஷயம் எளிது. 25 மி.மீ. துப்பாக்கி, குறைந்த தூரம், 15 குண்டுக்கு ஒருமுறை மேகசின் (குண்டுப் பெட்டி) மாற்ற வேண்டும். டிரோன் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், நான் வேறு எதற்கு?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 1945 ஏப்ரல் 7 நண்பகலில், அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து அடித்தபோது, யமாட்டோவின் தலைக்கு மேல் ஏன் ஒரு ஜப்பானிய விமானம்கூட இல்லை? இரண்டே மணி நேரத்தில் கப்பல் கவிழ்ந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் போனார்கள்.

ஆள் இல்லை, அதுதான் காரணம். போருக்கு முன் ஜப்பானியக் கடற்படை மிகச் சிலரையே பொறுக்கியெடுத்து, வறுத்தெடுத்துப் பழக்கியது. உலகத்தரமான விமானிகள். ஆனால் அவர்களைச் சாகும்வரை போர்முனையிலேயே வைத்திருந்தது. 1942இல் பசிபிக்கில் ரபவுல் தளத்திலிருந்து கிளம்பி ஆயிரம் கி.மீ. பறந்து குவாடல்கனால் தீவில் சண்டை போட்டுவிட்டு, அதே ஆயிரம் கி.மீ. திரும்ப வேண்டும். திரும்பாதவனோடு அவன் கற்றதும் போயிற்று. 1944 ஜூனில் பிலிப்பைன்ஸ் கடலில் சில மாதப் பயிற்சியோடு வந்த பையன்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், போதிய விமானிகள் இல்லாமல், ஜப்பானின் மிச்ச விமானந்தாங்கிகள் வெறும் தூண்டில் புழுவாகத்தான் கடலுக்குப் போயின.

அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? மிட்வேயில் பிரமாதமாகச் சண்டையிட்ட விமானி ஜான் தாச்சைப் போர்முனையிலிருந்து எடுத்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். அப்புறம் எனக்கு மிகப் பிடித்த விஷயம்: மிச்சிகன் ஏரி. நிலக்கரியில் ஓடிய இரண்டு பழைய பயணிகள் கப்பல்கள், பக்கவாட்டில் சக்கரம் வைத்தவை. மேல்தட்டுகளை வெட்டியெறிந்து ஓடுதளம் போட்டு, உல்வரின், சேபிள் என்று பெயர் வைத்தார்கள். பீரங்கி கிடையாது. விமானத்தை உள்ளே நிறுத்த இடம் கிடையாது. ஜெர்மன் நீர்மூழ்கி வர முடியாத உள்நாட்டு ஏரி. சிகாகோ கரையோரம் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, 17,000க்கும் மேற்பட்ட விமானிகள் அங்கே தேறினார்கள். பின்னாளில் ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ்ஷும் சேபிளில் இறங்கிப் பழகியவர்தான். யமாட்டோவைக் கவிழ்த்தது டார்பிடோ என்பார்கள். நான் இந்தச் சக்கரக் கப்பல்கள் இரண்டும்தான் என்பேன்.

ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், என் அப்பா கோவையில் ஒரு பட்டறையில் டர்னர். லேத் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். இரண்டு பையன்களைக் கூட வைத்துக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "நீ சொல்லிக்கொடுத்துட்டு நின்னா அன்னைக்கு உருப்படி யார் எடுக்கிறது?" என்பதே பதில். கடைசியில் அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. முதலாளி கார் அனுப்பி ஆளைக் கூப்பிட்டார். போய் என்ன செய்ய? மைக்ரோமீட்டரையே படிக்க முடியவில்லை. அந்த வேலையை எடுக்கப் பட்டறையில் வேறு ஆளும் இல்லை. ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது. அப்பா அதற்கும் வருத்தப்பட்டார், பாவம்.

ஒசூர் என்கிறீர்கள், டூல் ரூம் என்கிறீர்கள். உங்கள் கையில் இப்போது எத்தனை பையன்கள் பழகுகிறார்கள்? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். துப்பாக்கிக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம்.