டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு துப்பாக்கி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

டல்லாஸ் அருகே குடும்பத்துடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு வந்தபின் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனாலும் முறைப்படி வகுப்புக்குப் போய் உரிமம் வாங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. சுடுதளத்தில் பழக்கமான நண்பர்களோ, "ஆயுதம் ஏந்தும் உரிமையை அரசியல் சட்டமே கொடுத்த பிறகு அனுமதிச் சீட்டு எதற்கு?" என்று சிரிக்கிறார்கள். 1991இல் கில்லீன் நகர உணவகத்தில் 23 பேர் கொல்லப்பட்ட கதையை அவர்கள்தான் சொன்னார்கள். நான் பொறுப்பான ஆள். குடிப்பழக்கம் இல்லை, கோபமும் அதிகம் வராது. அலுவலகத்துக்குள் அனுமதி இல்லை என்பதால் துப்பாக்கி பெரும்பாலும் காரின் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கும். மனைவி பயப்படுவாள் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. காந்தி பிறந்த மண்ணிலிருந்து வந்தவன் ஆயுதம் வைத்துக்கொள்வது அறமா? உரிமம் வாங்கலாமா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் காந்தியை விட்டுவிடுங்கள். உங்கள் டேஷ்போர்டு பெட்டிக்கு அவர் ஜவாப்தாரி ஆக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தால் உடனே மண், மரபு, அறம் என்று பெரிய சாமான்களை இறக்கிவிடுகிறார்கள். கேள்வி அவ்வளவு பெரிதல்ல. அதனால்தான் கடினமாக இருக்கிறது.

கில்லீன் கதையை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். அன்று அந்த உணவகத்தில் தாய் தந்தையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப், வழக்கமாகக் கைப்பையில் வைத்திருந்த துப்பாக்கியை அன்றைய சட்டத்துக்குப் பயந்து காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். தந்தை கொலைகாரனை நோக்கிப் பாய்ந்து விழுந்தார். தாய் கணவரை விட்டு வர மறுத்து அங்கேயே இறந்தார். மகள் ஜன்னல் வழியாகத் தப்பினார். பின்னாளில் டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். அந்த மாநிலத்தில் மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமச் சட்டம் 1995இல் வந்ததற்கு அவருடைய சாட்சியமும் ஒரு காரணம். அந்தத் துயரத்தின் முன் நின்று, "இருந்தாலும் நீ சுட்டிருக்க முடியாது" என்று வாதாட எனக்கு வாய் வராது.

உங்கள் நண்பர்கள் சொல்லும் அரசியல் சட்ட வாதம் வேறு விஷயம். 2022இல், நியூயார்க் மாநிலத்தின் துப்பாக்கி உரிமச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பு, பின்னணி விசாரணையும் பயிற்சியும் கேட்டு உரிமம் வழங்கும் மாநிலங்களின் முறையைக் குலைக்கவும் இல்லை. வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் வேறொன்று சொல்ல வேண்டும்.

"நான் பொறுப்பான ஆள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பொறுப்பை உயரம், நிறம் போலப் பிறவியிலேயே வந்த ஒன்றாக நினைக்கிறீர்கள். குடிக்க மாட்டேன், கோபப்பட மாட்டேன், ஆகவே நான் பொறுப்பானவன். ஐயா, விபத்து நடந்த வீடுகளில் எல்லாம் பொறுப்பான ஆட்களே இருந்தார்கள்.

2014 டிசம்பர் 30. ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரின் வால்மார்ட் கடை. ஓர் இளம் தாய் பிள்ளைகளோடு பொருள் வாங்க வந்தார். படித்தவர், துப்பாக்கி பழகியவர், உரிமமும் வைத்திருந்தவர். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை அவருடையது. சில நாட்களுக்கு முன் கணவர் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தது. பை தள்ளுவண்டியில் இருந்தது, பக்கத்தில் இரண்டு வயது மகன். குழந்தை ஜிப்பைத் திறந்தான், துப்பாக்கி வெடித்துத் தாய் இறந்தார். அவ்வளவுதான். அந்தத் தாயிடம் எந்தக் குணக்கேட்டைக் கண்டுபிடிப்பீர்கள்? பை கைக்கெட்டாத தூரத்தில்கூட இல்லை. உடம்பை விட்டு மட்டும் விலகியிருந்தது. அந்தப் பையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்டின் அருகே நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட வயதில் மூத்தவர், பேச்சு குறைவு. தினமும் இடுப்பில் துப்பாக்கியோடுதான் வெளியே போவார். சட்டைக்குக் கீழே இருப்பதால் நண்பர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. ஒரு மாலை அவர் வீட்டுக்குக் காபிக்கு அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் நாய் ஓடி வந்து காலைச் சுற்றியது. அதைத் தொடவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போனார். அலமாரியோடு திருகி இறுக்கிய சின்ன இரும்புப் பெட்டியில் விரல் வைத்துத் திறந்து, உறையோடு துப்பாக்கியை வைத்து மூடி, மூடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு கை கழுவினார். அதன்பின்தான் நாய்க்கு அவர் மடி கிடைத்தது. வீட்டில் குழந்தை கிடையாது, தனி ஆள். யாருக்காக இத்தனை என்று கேட்டேன். "பழக்கம் ஒருநாள் விட்டால் அப்புறம் பழக்கம் இல்லை" என்றார்.

காபி ஆறிய பிறகு இன்னொன்றும் சொன்னார். மனைவி இறந்த வருடம், தன்னிடம் இருந்த எல்லாத் துப்பாக்கிகளையும் தம்பி வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டச் சொல்லிவிட்டாராம். சாவி தம்பியிடமே இருக்கட்டும், நான் கேட்டாலும் உடனே கொடுக்காதே என்றாராம். போர் பார்த்த மனிதர். பயந்தது திருடனுக்கு அல்ல, தன்னுடைய பின்னிரவுகளுக்கு. என் மனதில் பொறுப்பு என்றால் இன்றுவரை அந்த முகம்தான் வருகிறது.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், பாதிக்கும் அதிகம். நீங்கள் கார் நிறுத்துமிடத்தில் முகமூடிக்காரனைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறீர்கள். வேலை போன ஒரு வாரத்தை, ஊரிலிருந்து மரணச் செய்தி வந்த ஓர் இரவை, கதவைச் சாத்திக்கொள்ளும் பதினைந்து வயதுப் பிள்ளையை நீங்கள் கற்பனை செய்யவில்லை. (உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கடிதத்தில் இல்லை. துப்பாக்கியைப் பற்றி எழுதும்போது அதை எழுதாமல் விட முடிந்திருக்கிறது!)

இனி அந்தக் கார். டெக்சஸில் 30.06 என்று எண்ணிட்ட அறிவிப்புப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில். உரிமம் உள்ளவரும் மறைத்த துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று பொருள். அதைப் படித்தவர் என்ன செய்கிறார்? திரும்பிப் போய்க் காரில் வைத்துவிட்டு வருகிறார். இது திருடனுக்கும் தெரியும். அமெரிக்காவில் இப்போது துப்பாக்கிகள் வீடுகளைவிடக் கார்களிலிருந்தே அதிகம் திருடுபோகின்றன. கண்ணாடியை உடைக்கச் சில நொடி. உங்கள் பணத்தில் வாங்கிய, உங்கள் பாதுகாப்புக்கென்று வாங்கிய பொருள் மறுநாள் ஏதோ ஒரு தெருமுனையில் யாரோ ஒருவன் கையில். அப்போதும் நீங்கள் குடிக்காதவர், கோபப்படாதவர். அதனால் யாருக்கு என்ன லாபம்? கில்லீனை மேற்கோள் காட்டும் நீங்களே நாள் முழுக்கத் துப்பாக்கியைக் காரில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கும் உதவாத, அடுத்தவனுக்கு மட்டும் உதவக்கூடிய இடம் அது. காரில் வைத்தே தீர வேண்டிய நாள் என்றால், வண்டியின் இரும்புச் சட்டகத்தோடு பிணைத்த பூட்டுப் பெட்டி கடையில் கிடைக்கிறது. துப்பாக்கிக்குச் செலவழித்தவருக்கு அது பெரிய தொகை அல்ல.

உரிமம் பற்றிக் கேட்டீர்கள், மறக்கவில்லை. வகுப்பு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். சுடும் தேர்வில் 50 தோட்டா, 3, 7, 15 கஜத் தூரங்களில், 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. மூன்று கஜம் என்பது ஒரு சின்னக் கூடத்தின் நீளம்கூட இல்லை, ஆகவே அந்த உரிம அட்டையைப் பெரிய பட்டமாக எண்ண வேண்டாம். ஆனால் சண்டையை வாய்ப்பேச்சில் முடிப்பது எப்படி, குழந்தை கைக்குப் போகாமல் பூட்டி வைப்பது எப்படி என்பதையும் அந்த வகுப்பில் கற்றுத்தர வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் சொல்கிறது. அந்த அரை நாளுக்காகவாவது போங்கள். சிரிக்கும் நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

மனைவியோடு போங்கள் என்று எழுத நினைத்தேன். அவருக்குத்தான் இன்னும் தெரியாதே! அவரும் ஓட்டும் கார், அவர் கைக்குட்டைக்கோ பார்க்கிங் ரசீதுக்கோ திறக்கக்கூடிய பெட்டி. அவருக்குப் பயம் வரும் என்கிறீர்கள். வரட்டும். அந்த வீட்டில் ஒருவராவது பயப்படுவது நல்லது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதே உங்கள் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கு முன் வேறு எந்தச் சந்தேகம் கேட்டு எழுதினாலும் பதில் வராது.