திருப்பூர் நேர்காணல்களை ஆராயத் திறந்த மூல மென்பொருளில் எங்கே தொடங்குவது?

பின்னலாடைத் தொழிலாளர்களிடம் தமிழில் எடுத்த நேர்காணல்களை எந்தத் திறந்த மூல மென்பொருளில் ஆராயலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்காணல் உரையைக் குறியீடு இட்டு ஆராய உதவும் டாகெட்டில் (Taguette) தொடங்குங்கள். பத்தியைத் தேர்ந்தெடுத்து ‘கூலி’, ‘இரவு வேலை’, ‘கடன்’ என்று குறியீடு இடுவதுதான் அதில் வேலை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கணினியிலேயே நிறுவுங்கள். முதலாளியைப் பற்றி மனம்விட்டுப் பேசியவரின் சொற்கள் வெளியே கசியவே கூடாது. ஒலிப்பதிவையும் சேர்த்து ஆராய வேண்டுமென்றால் குவால்கோடர் (QualCoder) என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறது.

எழுத்துப்படிகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

சொற்களை எண்ணும்போதுதான் தமிழ் சோதிக்கும். கூலி, கூலியை, கூலிக்கு மூன்றையும் மென்பொருள் தனித்தனிச் சொற்களாகவே எண்ணும். வேர்ச்சொல்லாகத் தொகுக்காமல் அட்டவணை போட்டால், அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. பைத்தான் நிரல்மொழியில் நீங்களே எண்ணினால் இன்னொரு சிக்கல்: அதன் இயல்பான ‘ரீ’ (re) தொகுப்பில் சொல்லின் எழுத்துகளைத் தேடும் குறி (\w), புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கருதாமல் சொல்லை நடுவிலேயே உடைத்துவிடும். அதற்குப் பதிலாக ‘ரெஜெக்ஸ்’ (regex) தொகுப்பைத் தனியாக நிறுவிப் பயன்படுத்துங்கள்.

முதலில் இரண்டு நேர்காணல்களுக்கு மட்டும் குறியீடு இட்டு, ஆய்வு வழிகாட்டியிடம் காட்டிவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.