புகைக்குண்டு கெமிக்கல் ஆயுதமா?
அசைன்மென்ட்ல புகைக்குண்டுல போடற வெள்ளை பாஸ்பரஸை கெமிக்கல் ஆயுதம்னு எழுதிட்டேன், சார் அதை தப்புன்னு அடிச்சுட்டார்னு கேட்டீங்களே, சார் சொன்னது சரிதாங்க. அது சுமார் 30 டிகிரியிலயே காத்து பட்டா தானா பத்திக்கும், எரிஞ்சு வர்ற பாஸ்பரஸ் பென்டாக்சைடு காத்துல உள்ள ஈரத்தை இழுத்து பாஸ்பாரிக் ஆசிட் துளியா மாறும், நாம பாக்கற வெள்ளைப் புகை அதுதான், அதனால ஈரப்பதம் கூட இருந்தா புகையும் அடர்த்தியா வரும். ஆனா ரொம்ப சூடுங்கறதால தரையோட பரவாம தூண் மாதிரி மேல போயிடும், படையை மறைக்கணும்னு போட்டதுக்கு இது பெரிய தலைவலி.

1993 ரசாயன ஆயுத ஒப்பந்தம் ஒரு பொருளை அதோட விஷத்தன்மைக்காக பயன்படுத்தறதைத்தான் தடுக்குது, புகைக்கோ தீக்கோ போடற வெள்ளை பாஸ்பரஸ் அதுல வராது. நீங்க பாக்க வேண்டியது சில வழக்கமான ஆயுதங்களைக் கட்டுப்படுத்தற 1980 ஒப்பந்தத்தோட (CCW) மூணாவது நெறிமுறை, தீக்குண்டு பத்தினது. அதுலயும் புகைக்குன்னே செஞ்ச குண்டுக்கு விலக்கு இருக்கு, என்னைக் கேட்டா பெரிய ஓட்டையே அதுதான், ஏன்னா மேல பட்டா எலும்பு வரைக்கும் எரிக்கற பொருள் அது.