முயலின்ர பின்பக்கம் ஊத்தையா ஒட்டிக்கிடக்கு, சாப்பாடும் குறைவு, குளிப்பாட்டலாமோ?

முழுசா குளிப்பாட்டாதேங்கோ தங்கச்சி, பயத்திலயும் குளிரிலயும் இன்னும் சோர்ந்துபோகும். இளஞ்சூட்டுத் தண்ணியில துணிய நனைச்சு ஒட்டினத ஊறவிட்டு மெதுவா எடுத்து, ஈரம் போகத் துடையுங்கோ. இந்த வன்னி வெயிலுக்கு இலையான் அதில முட்டையிட்டா ஒரு நாளுக்குள்ளயே புழு வைச்சிடும், எங்கட கிளிநொச்சி வீட்டில வாலுக்குக் கீழ மயிர விலக்கேக்கதான் அரிசிமணி மாதிரி நெளிஞ்சதக் கண்டனாங்கள், அண்டைக்கு முழுக்க எனக்குச் சோறே இறங்கேல்ல.

பாண், விசுக்கோத்து, சோறு எல்லாம் நிப்பாட்டுங்கோ, அனேகமா காரணமே அதுதான், சாப்பாட்டில 80 வீதம் புல்லா இருக்கோணும், காய்ஞ்சதும் அறுகும் நல்லம். 12 மணித்தியாலம் தின்னாம, புழுக்கையும் போடாம இருந்தா விடியட்டும் எண்டு பாக்காதேங்கோ, குடல் நிண்டுபோகும், மிருக வைத்தியரிட்ட கொண்டோடுங்கோ. வீட்டில கிடக்கிற அமொக்சிசிலின் எண்ட அன்டிபயோட்டிக் மருந்தக் கரைச்சுப் பருக்கிடாதேங்கோ, முயலுக்கு அது விஷம்.