இரவில் மீண்டும் விழிக்கும் குழந்தை: வாசகர் கேள்விகளும் குழந்தை நல மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 19 மாதம் ஆகிறது. முதல் பிறந்தநாளுக்குச் சற்று முன்பிருந்தே, இரவு ஒன்பது மணிக்குத் தூங்கினால் காலை ஆறு மணிக்குத்தான் எழுவாள். இரண்டு மாதங்களுக்கு முன் நான் மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கினேன். பகலில் என் அத்தை (மாமியார்) பார்த்துக்கொள்கிறார். நான் கிளம்புவதைப் பார்த்தால் அழுவாள் என்பதால், அத்தை அவளை மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று காக்கா காட்டும் நேரத்தில் சத்தமில்லாமல் புறப்பட்டுவிடுவேன். கடந்த மூன்று வாரங்களாக நள்ளிரவு, இரண்டு மணி, நான்கு மணி என்று எழுந்து அழுகிறாள். தாய்ப்பால் கொடுத்தாலோ, தூளியில் போட்டு ஆட்டினாலோதான் அடங்குகிறாள். பால் போதவில்லை, இரவில் புட்டிப்பால் கொடு என்கிறார் அத்தை. ஜாதிக்காயை உரைத்துப் புகட்டச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. கணவர் செல்பேசியில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்றரை வயதை ஒட்டி மீண்டும் இரவில் விழிக்கத் தொடங்குவது மிகவும் பரவலாகக் காணப்படுவதுதான்; உங்கள் வளர்ப்பில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆயினும் மூன்று வாரங்கள் என்பது நீண்ட காலம் என்பதால், உடல் சார்ந்த காரணம் எதுவும் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டில் எல்லோரும் முதலில் பல்லைத்தான் குற்றம் சொல்வார்கள். இந்த வயதில் பல் முளைப்பது உண்மைதான்: முதல் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதங்களுக்குள்ளும், கோரைப் பற்கள் 16 முதல் 23 மாதங்களுக்குள்ளும் வெளிவருகின்றன. ஆனால் பல் ஈறைக் கிழித்து வரும் சில நாட்களுக்குத்தான் வலி இருக்குமே தவிர, மூன்று வாரங்கள் தொடர்ந்து தூக்கத்தைக் கெடுக்காது. சளி பிடித்த பின் படுக்க வைத்ததும் அழுகை கூடினால் காதில் சீழ் கோத்திருக்கலாம். படுக்கும்போது காதின் உள்ளழுத்தம் கூடுவதால் வலியும் கூடும். ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழுந்தால், தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் அவ்விடத்தைப் பாருங்கள். வெள்ளை நூல் துண்டுபோல் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நெளிவது தெரிந்தால் அது கீரிப்பூச்சி. அதற்கு மருந்து குழந்தைக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவருக்கும் தேவைப்படும். இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் கொடுக்க வேண்டும். அங்கன்வாடிகளில் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் குடற்புழு நீக்க முகாமில் அவள் அல்பெண்டசோல் சாப்பிட்டாளா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

இரத்தசோகையைப் பற்றி நம் வீடுகளில் போதிய கவனம் இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்த குழந்தைகள் இரவில் கால்களை உதைத்துக்கொண்டும் புரண்டுகொண்டும் இருப்பதுண்டு. எளிய இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். உங்கள் அத்தை சொல்லும் இரவுப் புட்டிப்பாலை நான் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வயதில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் சோறும் பருப்பும் கீரையும் உள்ளே போவதில்லை, இரும்புச்சத்து குறைகிறது, மலச்சிக்கல் வருகிறது. வாயில் புட்டியை வைத்தபடியே தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகிவிடும். வயதுக்கேற்ற எடையுள்ள, பகலில் நன்றாகச் சாப்பிடும் 19 மாதக் குழந்தைக்கு நள்ளிரவில் பசிக்காகப் பால் தேவைப்படாது.

ஜாதிக்காய் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற வேதிப்பொருள் அளவு மீறினால் மயக்கத்தையும் பதற்றத்தையும் இதயப் படபடப்பையும் உண்டாக்கும். உரைகல்லில் எத்தனை சுற்று உரைத்தார்கள், எந்தக் கை உரைத்தது என்பதைப் பொறுத்து அளவு மாறிவிடும் என்பதால், பத்துக் கிலோ எடைகூட இல்லாத ஒரு குழந்தைக்கு அதைப் பாதுகாப்பாகக் கொடுக்க வழியே இல்லை. தூக்கம் வரும் என்று சளி மருந்து கொடுப்பதும் இதே ரகம்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவோ வழங்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது.

உடலில் குறை ஏதும் இல்லை என்று தெரிந்தபின், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் காக்காவுக்கு வருவோம். என் கணிப்பில் உங்கள் இரவுகளின் சிக்கல் அந்தக் காலை நேரத்தில்தான் தொடங்குகிறது. இந்த வயதுக் குழந்தைக்கு, கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது தெரியும். எப்போது திரும்பி வருவாள் என்பது மட்டும் தெரியாது. மாடியிலிருந்து இறங்கி வரும்போது அம்மா இல்லை என்பது நாள்தோறும் நடந்தால், தான் பார்க்காத நேரத்தில் அம்மா மறைந்துவிடக்கூடும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. தூக்கத்தைவிடப் பெரிய பார்க்காத நேரம் அதற்கு ஏது? ஆகவே நாளை முதல் சொல்லிக்கொண்டே கிளம்புங்கள். செருப்பை அவள் கண்முன்னே மாட்டி, “அம்மா வேலைக்குப் போய்ட்டு, சாயங்காலம் விளக்கு வெச்சதும் வந்துடுவேன்” என்று ஒரே வாக்கியத்தைத் தினமும் சொல்லி, முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். சில நாட்கள் அழுவாள். அத்தைக்கும் அது சிரமமாகத்தான் இருக்கும். மாலையில் வந்ததும், சமையலறைக்குள் நுழையும் முன், செல்பேசியை எடுத்து வைத்துவிட்டு அரை மணி நேரம் அவளோடு தரையில் உட்காருங்கள். அந்த அரை மணி நேரம் கிடைக்காத குழந்தைகள் அதை நள்ளிரவில் வசூலித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி இரவைப் பற்றி. எல்லாக் குழந்தைகளும், ஏன் நாமும்கூட, இரவில் பலமுறை அரைகுறையாக விழிக்கத்தான் செய்கிறோம். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கமும் பின்னிரவில் இலேசான தூக்கமும் அமைவதால்தான் உங்கள் மகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அசையாமல் தூங்கிவிட்டு, அதன்பின் அடிக்கடி எழுகிறாள். அப்படி விழிக்கும்போது, தூங்கத் தொடங்கிய நேரத்தில் இருந்தது எதுவோ அதைத் தேடுகிறாள். மார்பில் தூங்கியவள் பாயில் விழித்தால் மார்பைத் தேடுவாள். தூளியின் ஆட்டத்தில் தூங்கியவள் ஆட்டத்தைத் தேடுவாள். எனவே நள்ளிரவில் செய்வதை மாற்றும் முன், ஒன்பது மணிக்குச் செய்வதை மாற்ற வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம். தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு, விளக்கு எரியும்போதே கொடுத்துவிட்டு, பல் துலக்கி, முகம் கழுவி, அதே பாட்டு, அதே போர்வை என்று நாள்தோறும் ஒரே வரிசையில் போய், கண் செருகும் முன் பாயில் கிடத்தித் தட்டிக்கொடுங்கள். தூளியைப் பகல் தூக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், தானாக எழுந்து நிற்கும் வயதில் அதிலிருந்து தலைகுப்புற விழும் ஆபத்து உண்டு என்பதால், அதையும் விரைவில் அவிழ்த்துவிடுவதே நல்லது.

பகல் தூக்கம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி மூன்று மணிக்குள் எழுவது உத்தமம். மாலை ஐந்தரை வரை தூங்கிய குழந்தையை ஒன்பது மணிக்குப் படுக்க வைக்க யாராலும் முடியாது.

இரவில் எழுந்தால் விளக்கைப் போடாதீர்கள், பேச்சைக் குறையுங்கள். “அம்மா இங்கதான் இருக்கேன், தூங்கு” என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். தட்டிக்கொடுங்கள், கேட்டால் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். வாரத்தில் சில இரவுகளை உங்கள் கணவர் பார்த்துக்கொள்வது உங்களுக்கு ஓய்வு தருவதோடு, பாலின் நினைப்பும் குழந்தைக்குக் குறையும். ஆனால் அவர் கையில் செல்பேசி இருக்கக் கூடாது. அதன் ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதோடு, இரண்டு மணிக்கு எழுந்தால் பாட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையும் ஏற்பட்டுவிடும். இரண்டாம், மூன்றாம் இரவுகளில் அழுகை முன்பைவிடக் கூடும். அப்போது மனம் தளர்ந்து மீண்டும் தூளியில் போட்டால், கூடுதலாக அழுதால் கிடைக்கும் என்ற பாடம்தான் மிஞ்சும். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் மாற்றம் தெரியும்.

கேள்வி: அழ விட்டுவிட்டால் தானாகத் தூங்கப் பழகிவிடும் என்று வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை சொல்கிறாள். மனம் ஒப்பவில்லை. அது குழந்தையின் மனதைப் பாதிக்காதா?
– வாசகி, மதுரை

பதில்: கதவைச் சாத்திவிட்டுப் போவதை நானும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் படிப்படியாகப் பழக்கும் முறைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், ஏழு மாத வயதில் தூக்கச் சிக்கல் இருந்த 326 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சில நிமிட இடைவெளியில் சென்று தேற்றுவது, அருகில் அமர்ந்து நாளடைவில் விலகுவது ஆகிய முறைகள் அவர்களில் ஒரு பகுதியினரின் பெற்றோருக்குக் கற்றுத்தரப்பட்டன. குழந்தைகளை ஆறு வயதில் மீண்டும் சோதித்தபோது, மனநலத்திலோ பெற்றோருடனான உறவிலோ எந்தக் கெடுதலும் தென்படவில்லை. நீடித்த நன்மையும் தென்படவில்லை. முடிவுகள் 2012-இல் வெளியாயின. எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் நம் வீடுகளுக்கு இரண்டாவது முறைதான் பொருந்தும். முதலில் குழந்தையைத் தொட்டபடி படுத்திருங்கள். சில நாட்களில் கையை எடுத்துவிட்டு அருகில் மட்டும் இருங்கள். பிறகு ஒரு முழம் தள்ளிப் படுங்கள்.

கேள்வி: இரண்டே கால் வயது மகன், தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் திடீரென அலறுகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களை அடையாளம் தெரிவதில்லை, தூக்கினால் உதறுகிறான். பத்து நிமிடத்தில் தானே தூங்கிவிடுகிறான். காலையில் எதுவும் நினைவில்லை. பயந்திருக்கிறான், மந்திரிக்க வேண்டும் என்கிறார் என் அம்மா.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இது கெட்ட கனவு அல்ல, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் வெளிவருவதால் ஏற்படும் இரவு அலறல். முன்னிரவில் வருவதும், காலையில் நினைவில்லாமல் இருப்பதும் இதன் அடையாளங்கள். கெட்ட கனவு பின்னிரவில் வரும். குழந்தை முழுதாக விழித்து உங்களைக் கட்டிக்கொள்ளும். அலறும்போது எழுப்ப முயலாதீர்கள். சுவரிலோ கட்டில் ஓரத்திலோ இடித்துக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும் என்பதால், அரை மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். உங்கள் அம்மா நெற்றியில் விபூதி பூசுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. வாயில் எதையும் புகட்டாமலும், அறையில் புகை போடாமலும் இருந்தால் சரி. கைகால் ஒரே தாளத்தில் வெட்டி இழுத்தாலோ, ஒரே இரவில் பலமுறை வந்தாலோ வலிப்பு நோயா என்று பார்க்க வேண்டும். செல்பேசியில் ஒரு முறை படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்மொழி விவரிப்பைவிட அது பலமடங்கு உதவும்.

கேள்வி: பல் வலிக்காக இரவில் பாராசிட்டமால் கொடுக்கலாமா? ஈறில் தடவும் ஜெல்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வலி இருப்பது உறுதியானால் ஓரிரு இரவுகள் கொடுக்கலாம், தூக்க மருந்தாக நாள்தோறும் கூடாது. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 என்றும் 250 என்றும் இரு வகைகள் உண்டு. பாதித் தூக்கத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றிவிடுவது நடக்கக்கூடியது என்பதால், வீட்டில் ஒரு வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பென்சோகெய்ன் கலந்த ஜெல் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கூடாது; அது இரத்தத்தின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் குறைத்துவிடும்.

கேள்வி: மூன்று வயது மகன் சளி இல்லாத நாட்களிலும் குறட்டை விடுகிறான், வாயைத் திறந்தே தூங்குகிறான், மூச்சுத் திணறியதுபோல் எழுந்து உட்காருகிறான். இதுவும் பழக்கக் கோளாறா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கி மூச்சை அடைப்பதாகத் தோன்றுகிறது. மேலே சொன்ன எந்தப் பழக்கமும் இதற்கு உதவாது. இந்த வாரமே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவன் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று இரண்டு இரவுகள் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள்.