தரங்கம்பாடியில் பொறுக்கியது: எழுபதுக்கு இரண்டு குறைவு

'நண்பர்களோடு போன கடற்கரைப் பயணம் ஒன்றைச் சொல்லுங்கள், வீட்டில் சும்மா இருக்கும்போது என்ன செய்வீர்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டுதான், ஆனால் என் பதில் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அடங்கிவிடும். அது இப்போது எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கல்லூரித் தோழிகள் நான்கு பேர் தரங்கம்பாடிக்குப் போனோம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ். பஸ் முழுக்க அறுபதாம் கல்யாணக் கூட்டம். தாம்பாளம், மாலை, பேரன் பேத்தி என்று நிற்க இடமில்லை. திருக்கடையூர் வந்ததும் மொத்தமாக இறங்கிவிட்டார்கள். மீதி தூரம் நாங்களும் கண்டக்டரும்தான்.

ராஜா வீதி முகப்பில் 1792இல் கட்டிய நகர வாயில் நிற்கிறது. அதைத் தாண்டினால் சத்தமே குறைந்துவிடும். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றபோது வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து விலை 12½ லட்சம் ரூபாயாம். 'நாலு பேரும் சேர்ந்து லோன் போட்டிருக்கலாம்' என்றாள் வங்கியில் வேலை பார்ப்பவள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாங்கள் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. சரி, பூட்டைப் பார்த்துவிட்டு மணலுக்கு வந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் அதில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை.

'இங்கே ஓசோன் காற்று அதிகம், நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள்' என்று அந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எங்களில் ஒருத்தி வேதியியல் ஆசிரியை. ஓசோன் வானத்துக்கு மேலே இருக்கும்வரைதான் நல்லது, மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது என்று நடுக் கடற்கரையில் பாடம் எடுத்தாள். கடல் வாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கடலில் மிதக்கும் நுண்பாசிகளிலிருந்து கிளம்பும் ஒரு கந்தகச் சேர்மமாம். சுகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இதெல்லாம் தேவையா?

கரையோரமாக மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306இல் எழுந்தது. முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது, இப்போது கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு அப்பால் கொஞ்சம் மணல் கிடைத்தது. அங்கேதான் உட்கார்ந்தோம். 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர். ஒன்பது வருடத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்துவிட்டார். நாங்களும் மணலில்தான் விரல் வைத்தோம், ஆனால் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஒருத்தி குனிந்து எதையோ எடுத்தாள், மூன்று பேர் 'எங்கே, காட்டு' என்றோம். அதோடு இரண்டு மணி நேரம் போனது.

முதலில் கண்ணில் பட்டவை சட்டைப் பொத்தான் அளவில் வழவழவென்று இருக்கும் சின்ன நத்தை ஓடுகள். சாம்பல், பழுப்பு, இளஞ்சிவப்பு. ஒன்றின் கோடு மாதிரி இன்னொன்றில் இல்லை. எங்கள் கிழக்குக் கரையில் இவை கொட்டிக் கிடக்கும். அப்புறம் மட்டி ஓடுகள். சிலவற்றில் ஊசியால் துளைத்த மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை. யாரோ மாலை கோத்து அறுந்து விழுந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். 'அது மனுசன் போட்ட ஓட்டை இல்ல பாப்பா. நத்தை மேல ஏறி உக்காந்து துளைச்சி, உள்ள இருக்கற சதையத் தின்னுட்டுப் போயிரும்.' அறைக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. ஒரு வகைக் கடல் நத்தை அமிலத்தைச் சுரந்து மட்டியின் ஓட்டினை இளக்கி, அரம் மாதிரி இருக்கும் நாக்கால் சுரண்டிச் சுரண்டித் துளை போடுமாம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். 'உசுரோட இருக்கறத மட்டும் எடுத்துராதீங்க.' தலையாட்டினோம். ஆனாலும் தப்பு நடந்தது. ராத்திரி கிழங்கான் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது பிளாஸ்டிக் பையில் கரகரவென்று சத்தம். கரப்பான் என்று ஒருத்தி கட்டிலில் ஏறிவிட்டாள். விளக்கைப் போட்டால், நான் ஆசையாக எடுத்து வைத்த சங்கு நடந்து போகிறது! உள்ளே துறவி நண்டு. தனக்கென்று ஓடு இல்லாமல், செத்த நத்தையின் கூட்டில் குடியிருக்கும் ஜீவன். பதினொரு மணிக்கு செல்போன் டார்ச்சோடு நான்கு பேரும் போய், கற்களுக்கு அப்பால் ஈர மணலில் விட்டுவிட்டு வந்தோம். அது உடனே நகரவில்லை. கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டுத்தான் கிளம்பியது. மொத்தப் பயணத்திலும் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

நீங்களும் பொறுக்குவதாக இருந்தால் ஒரு விஷயம்: 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில சங்கு, சிப்பி இனங்களும் உண்டு. கடையில் பளபளவென்று விற்கும் பெரிய சங்குகளை யோசித்து வாங்குங்கள். கரையில் உடைந்தும் தேய்ந்தும் கிடக்கும் சின்ன ஓடுகளே நமக்குப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அவற்றைச் சுத்தம் செய்வதே ஒரு வேலையாகப் போனது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தி, துளி தேங்காய் எண்ணெய் தடவினால் நிறம் எழுந்து வருகிறது. வங்கிக்காரத் தோழி சீக்கிரம் பளபளக்கட்டும் என்று வினிகரில் போட்டுவிட்டாள். ஓடு என்பது சுண்ணாம்புதானே, நுரைத்துக்கொண்டு கரைய ஆரம்பித்துவிட்டது. மேல் மினுமினுப்பு போய் எல்லாம் சாக்பீஸ் மாதிரி ஆகிவிட்டன. வேதியியல் ஆசிரியை அன்று வாட்ஸப்பில் எழுதியதை இங்கே எழுத முடியாது. அவள் மட்டும் கெட்டிக்காரி. துளை விழுந்த மட்டிகளை நூலில் கோத்து மாலையாக்கி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். துளை போடும் வேலையை நத்தை முன்பே முடித்து வைத்திருக்கிறதே.

பொத்தான் நத்தைகள் என் பங்கு. பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். அம்மா ஒரு நாள் கையில் கொட்டி, உருட்டிப் பார்த்துவிட்டு, 'பல்லாங்குழிக்கு ஆகும்' என்றாள். பரணிலிருந்து பாட்டியின் பலகை இறங்கியது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, ஆக எழுபது வேண்டும். எண்ணினால் அறுபத்தெட்டுதான் இருந்தன. இரண்டு புளியங்கொட்டையைச் சேர்த்துக்கொண்டோம்.

ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறும் குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஆட்டம் கை மாறும். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது 'பசு', அந்தக் குழிக்காரருக்குச் சொந்தம். சின்ன வயதில் இதெல்லாம் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அம்மா அள்ளுவதற்கு முன்பு கண்ணாலேயே ஒரு சுற்று போட்டு முடிப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். கடைசிக் காய் எங்கே விழும் என்று அவளுக்கு முதலிலேயே தெரிகிறது. நான் விரலை வைத்து எண்ணினால், 'எண்ணாத, ஆடு' என்பாள்.

வேலை முடிந்து வந்தால் எட்டு மணிக்கு மேல் இரண்டு ஆட்டம். டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோழிகளில் யாராவது வந்தால் வெற்றிலைத் தட்டில் முறுக்கோடு பந்தயம். பந்தயம் என்றால் தோற்றவர் டீ போட வேண்டும், அவ்வளவுதான். இதுவரை அதிகம் டீ போட்டது நான்.

அந்த இரண்டு புளியங்கொட்டை மட்டும் இன்னும் தகராறு. தன் பசுவில் கொட்டை வந்தால் அதை இரண்டாக எண்ண வேண்டும் என்கிறாள் அம்மா. அவள் சின்ன வயதில் அப்படித்தான் ஆடினார்களாம். என் பசுவில் வந்தபோது கேட்டேன், அது ஒன்றுதானாம்.